அம்மாவுக்கு மெடிகெய்டு இருக்கிறது, மெடிகேரும் எடுத்தால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அம்மாவுக்கு 68 வயது. கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்தது. உங்களோடுதான் இருக்கிறார், சொந்த வருமானம் கிடையாது, மாநிலத்தின் மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. இப்போது மெடிகெய்டு அலுவலகமே "மெடிகேருக்கும் விண்ணப்பியுங்கள்" என்று, அதாவது முதியவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீட்டையும் கேளுங்கள் என்று, கடிதம் அனுப்பியிருக்கிறது. மெடிகேரில் சேர்க்கும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குப் போனால், 2025 கணக்குப்படி மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதியான பார்ட் ஏ-க்கு மாதம் 518 டாலர், டாக்டர் செலவுப் பகுதியான பார்ட் பி-க்கு 185 டாலர் என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வேறு, மெடிகேர் எடுத்தால் மெடிகெய்டு பறிபோய்விடும் என்று பயமுறுத்திவிட்டார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள். அப்பாவுக்கு 64 வயது, அவருக்கும் இதே கதைதானா என்பது கடைசி வரியில் இருக்கிறது.

எதையும் விட வேண்டாம். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அப்படி இருப்பவர்கள் இந்த நாட்டில் 1.2 கோடிப் பேருக்கு மேல். 'டூயல்' என்று அவர்களைச் சொல்வார்கள். அந்த 703 டாலரை யார் கட்டுவது, அதற்கு எந்தக் கவுன்டரில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது, இதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது. உங்கள் அம்மாவின் நிலைமையில் அதை மாநிலமே கட்டுவதற்கு வழி இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி கவுன்டரில் அதைத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே இருப்பவர்களில் பலருக்கு அது தெரியவும் தெரியாது.

நான் 'ஷிப்' எனப்படும் மாநில இன்ஷுரன்ஸ் ஆலோசனைத் திட்டத்தில் பயிற்சி பெற்று, பதினோரு ஆண்டுகளாக முதியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லி வருகிறேன். வாரத்தில் ஒரு நாள், நூலகத்தில் ஒரு மேஜை. எதிரில் உட்காருபவர்களில் பாதிப்பேர் ஒரு பிளாஸ்டிக் பையில் பிரிக்காத கவர்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் வக்கீல் இல்லை. குடியேற்றச் சட்டம், சொத்து விவகாரம் என்று வரும் இடங்களில் நான் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் வக்கீலிடம் போங்கள், எங்கெங்கே என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று, மெடிகெய்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னஸியில் டென்கேர் என்று பெயரே வேறு வேறு. நாடு முழுவதற்கும் பொருந்துவது எது, உங்கள் மாநிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

இரண்டும் 1965-இல் ஒரே சட்டத்தில் பிறந்தவை. ஜனாதிபதி ஜான்சன் ஜூலை 30 அன்று கையெழுத்துப் போட்டார். ஆனால் பிறந்த நாளிலிருந்தே வேறு வேறு கைகளில் வளர்ந்தவை. மெடிகேர் மத்திய அரசுடையது, வயதையும் உழைத்த காலத்தையும் பார்க்கும், வருமானம் குறைவா என்று கேட்காது. மெடிகெய்டு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட்டு மாநிலம் நடத்துவது, அது வருமானத்தைப் பார்க்கும். பல பிரிவுகளில் கையிருப்பையும், அதாவது சேமிப்பையும் சொத்தையும், பார்க்கும். இரண்டுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர், தனித்தனி கடிதம், தனித்தனி ஊழியர்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியாது. உங்களுக்கு வந்திருக்கும் குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

இரண்டும் இருக்கும்போது வரிசை எப்போதும் ஒன்றுதான். பில் முதலில் மெடிகேருக்குப் போகும், மிச்சம் மெடிகெய்டுக்கு வரும். வேறு எவரும் கட்ட வேண்டியிருந்தால் அவர்கள் கட்டிய பிறகே மெடிகெய்டு கையை நீட்டும் என்பது சட்டம். மெடிகெய்டு அலுவலகம் அம்மாவை மெடிகேருக்குத் தள்ளுவதும் அதனால்தான், மாநிலத்தின் செலவு குறையும். அதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான். மெடிகெய்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல இதய மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ தேடிப் பாருங்கள், பல இடங்களில் "புது மெடிகெய்டு நோயாளிகளை எடுப்பதில்லை" என்பார்கள். மெடிகேர் கார்டைக் காட்டினால் திறக்கும் கதவுகள் நிறைய.

இப்போது அந்த 518 டாலர். பார்ட் ஏ என்பது முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவு. இந்த நாட்டில் தாமோ, கணவரோ மனைவியோ 40 குவார்ட்டர், அதாவது ஏறக்குறைய பத்து ஆண்டுகள், வரி கட்டி வேலை செய்திருந்தால் அது இலவசம். பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் பெற்றோர்களுக்கு அது இருப்பதில்லை. பிள்ளை உழைத்த ஆண்டுகள் இதில் கணக்கில் வராது. அதனால் முழு விலை சொல்கிறார்கள். அந்த விலையைக் கேட்டதும் "எங்களுக்கு மெடிகேர் கிடையாதாம்" என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் குடும்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, வேறு எதற்கோ என் மேஜைக்கு வரும்போதுதான் உண்மை தெரியும். அந்த ஆண்டுகளைத் திரும்ப வாங்கித்தர என்னால் முடிவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் க்யூஎம்பி. முழுப்பெயர் குவாலிஃபைடு மெடிகேர் பெனிஃபிஷியரி. மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம்கள் என்ற குடும்பத்தில் இது மூத்தது. இதில் சேர்ந்துவிட்டால் பார்ட் ஏ, பார்ட் பி பிரீமியம் (மாதக் கட்டணம்), டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை), கோ-இன்ஷுரன்ஸ் (பில்லில் நம் சதவீதப் பங்கு) எல்லாமே மாநிலத்தின் பொறுப்பு. 2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளுக்கு மாத வருமானம் 1,325 டாலர், கணவன் மனைவிக்கு 1,783 டாலர் வரை இதற்குத் தகுதி. கையிருப்பு தனி ஆளுக்கு 9,660, தம்பதிக்கு 14,470 டாலர் வரை இருக்கலாம். இந்த எண்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். சில மாநிலங்கள் இதைவிடத் தாராளம், நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் இந்தத் திட்டத்துக்குக் கையிருப்பைப் பார்ப்பதே இல்லை. இதற்கு அடுத்த இரண்டு தம்பிகள் உண்டு, எஸ்எல்எம்பி, க்யூஐ என்று. வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு அவை பார்ட் பி பிரீமியத்தை மட்டும் கட்டும். அம்மாவுக்கு வருமானமே இல்லை என்பதால் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

ஒரு முடிச்சு இருக்கிறது. பார்ட் ஏ இருந்தால்தான் க்யூஎம்பி கிடைக்கும். க்யூஎம்பி கிடைத்தால்தான் பார்ட் ஏ-க்குப் பணம் வரும். எது முதலில்? இங்கேதான் மாநிலங்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. பெரும்பான்மையான மாநிலங்கள் மத்திய அரசோடு 'பார்ட் ஏ பை-இன்' என்ற ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அங்கே க்யூஎம்பி-க்கு மெடிகெய்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் போதும், ஆண்டின் எந்த மாதத்திலும் மாநிலமே அம்மாவைப் பார்ட் ஏ-வில் சேர்த்துவிடும். பார்ட் பி மட்டும் இருக்க வேண்டும், அல்லது அதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல்தான் இந்த வகைக்கு மாறியது. சில மாநிலங்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே அம்மா முதலில் சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குப் போய், "க்யூஎம்பி கிடைத்தால் மட்டும் எனக்குப் பார்ட் ஏ வேண்டும், கிடைக்காவிட்டால் வேண்டாம்" என்று நிபந்தனையோடு ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதன் ரசீதை எடுத்துக்கொண்டு மெடிகெய்டு அலுவலகத்துக்குப் போய் க்யூஎம்பி கேட்க வேண்டும். முதல் சேர்க்கைக் காலம் (மெடிகேருக்குத் தகுதி வரும் சமயத்தில் கிடைக்கும் சில மாதங்கள்) தவறியிருந்தால், இந்த விண்ணப்பத்தை ஜனவரி முதல் மார்ச் வரைதான் வாங்குவார்கள். க்யூஎம்பி மறுக்கப்பட்டால் பார்ட் ஏ சேர்க்கை நடக்காது, 518 டாலர் பில்லும் வராது. அந்த நிபந்தனை என்ற ஒரு சொல்தான் உங்களைக் காப்பாற்றுவது.

கவுன்டரில் இருப்பவர் "அப்படி ஒன்றும் கிடையாது" என்று சொல்லக்கூடும். என்னிடம் வந்தவர்களில் பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி ஊழியர்களுக்கான கைநூலில் எச்ஐ 00801.140 என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "இந்தப் பிரிவைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். தேடிப் பார்த்துவிட்டு "ஓ, இருக்கிறதே" என்று அவர்களே விண்ணப்பத்தை எடுப்பார்கள். பார்ட் பி தாமதமாகச் சேர்வதற்கு 12 மாதத்துக்கு 10 சதவீதம் என்று அபராதம் உண்டு. மாநிலம் பிரீமியம் கட்டத் தொடங்கினால் அந்த அபராதத்தை அம்மாவிடம் வாங்க மாட்டார்கள். அதனால் காலம் கடந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டாம்.

ஆனால் இனிமேல் தாமதம் செய்யாதீர்கள். க்யூஎம்பி பின்தேதியிட்டுக் கிடைக்காது. மாநிலம் தகுதி உண்டு என்று முடிவு செய்யும் மாதத்துக்கு அடுத்த மாதத்தில்தான் தொடங்கும்.

சரி, கார்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வருவதுதான் பில். போன குளிர்காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கிளினிக்கின் பெயர், தொகை. 22.40, 31, 46.20. இரண்டு ஆண்டுகளாக ஒன்று விடாமல் கட்டியிருக்கிறார், மகனுக்குத் தெரிந்தால் அவன் கட்டுவான் என்று மகனிடம் சொல்லவில்லை. அவர் க்யூஎம்பி-யில் இருந்தவர். அதில் ஒரு டாலர்கூட அவர் கட்ட வேண்டியதில்லை. க்யூஎம்பி-யில் இருப்பவரிடம் மெடிகேர் ஏற்கும் சேவைகளுக்கான டிடக்டிபிள், கோ-இன்ஷுரன்ஸ், கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் சிறு தொகை) எதையும் எந்த மெடிகேர் மருத்துவரும் ஆஸ்பத்திரியும் கேட்கக் கூடாது. இது மத்தியச் சட்டம், நாடு முழுவதற்கும் பொருந்தும். அந்த மருத்துவர் மெடிகெய்டை ஏற்காதவராக இருந்தாலும் சரி, அம்மா வேறு மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் டாக்டரைப் பார்த்தாலும் சரி, கேட்கக் கூடாது. மருந்துக்கடைக் கோபே மட்டும் வேறு கணக்கு, அது பின்னால் வருகிறது.

அப்படியானால் ஏன் பில் வருகிறது? பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். டாக்டரைப் பார்க்க மெடிகேர் அங்கீகரித்த கட்டணம் 100 டாலர் என்று வையுங்கள். டிடக்டிபிள் முடிந்திருந்தால் மெடிகேர் 80 கொடுக்கும். மீதி 20 மெடிகெய்டுக்குப் போகும். அதே சேவைக்கு அந்த மாநில மெடிகெய்டின் சொந்தக் கட்டணம் 75 டாலர்தான் என்றால், "எங்கள் கணக்குக்கு மேலேயே உங்களுக்கு வந்துவிட்டது" என்று மெடிகெய்டு பூஜ்யம் கொடுக்கும். மாநிலங்கள் இப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, மிகப் பல மாநிலங்கள் செய்கின்றன. டாக்டருக்கு 20 டாலர் நஷ்டம், அதை நோயாளியிடமும் கேட்க முடியாது. டூயல் நோயாளிகளைப் பார்க்கச் சில கிளினிக்குகள் தயங்குவதற்கு இதுவே காரணம். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. மிகவும் ஏழையும் மிகவும் நோயாளியுமாக இருப்பவரைப் பார்க்கும் டாக்டருக்குத்தான் குறைவான பணம் கிடைக்கிறது. கிளினிக்கின் பில்லிங் சாஃப்ட்வேரோ மீதி 20 என்று கண்டதும் வழக்கம்போல ஒரு கவரை அனுப்பிவிடுகிறது.

அந்தக் கவர் வந்தால் செய்ய வேண்டியது இது. பணம் கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மெடிகேரிலிருந்து அவ்வப்போது வரும் சுருக்க அறிக்கையை எடுங்கள். க்யூஎம்பி-யில் இருப்பவர்களுக்கு, நீங்கள் கட்ட வேண்டியது 0 டாலர் என்று அதிலேயே அச்சாகியிருக்கும். கிளினிக்கின் பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு, அம்மா க்யூஎம்பி-யில் இருக்கிறார் என்று சொல்லி, அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். பத்தில் எட்டு முறை அதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம். முடியாவிட்டால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அவர்களே அந்த மருத்துவரிடம் சொல்வார்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கே கேட்கலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கவும் உரிமை உண்டு. அந்தப் பெரியவருக்கு எல்லாம் திரும்பவில்லை, ஆனால் பெரும்பகுதி வந்தது.

மருந்துக்கு வருகிறேன். 2006 ஜனவரி 1 முதல் டூயல்களின் மருந்துச் செலவு மெடிகெய்டிலிருந்து மெடிகேர் பார்ட் டி-க்கு மாறிவிட்டது. அம்மாவுக்கு மெடிகேர் தொடங்கும் நாளிலிருந்து மெடிகெய்டு கார்டு மருந்துக்கடையில் பெரும்பாலான மருந்துகளுக்கு வேலை செய்யாது. அந்த முதல் மாதம்தான் ஆபத்தான மாதம். மெடிகெய்டோ மெடிகேர் சேவிங்ஸ் திட்டமோ இருப்பவர்களுக்கு மருந்துச் செலவைக் குறைக்கும் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்ற சலுகை தானாகவே வரும், தனி விண்ணப்பம் வேண்டாம். திட்டம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அரசே ஒரு பார்ட் டி திட்டத்தில் போட்டுவிடும். ஆனால் அம்மா சாப்பிடும் மருந்துகள் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துப் போடுவதில்லை, குருட்டாம்போக்கில் போடுவார்கள். அதனால் கடிதம் வந்ததும் மருந்துப் பட்டியலோடு உட்கார்ந்து சரிபாருங்கள். பொருந்தவில்லையென்றால் மாதம் ஒருமுறை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், 2025 முதல் அப்படி விதி. கோபே 2025-இல் அதிகபட்சம் ஜெனரிக்குக்கு 4.90, பிராண்டுக்கு 12.15 டாலர். முழு மெடிகெய்டும் வறுமைக்கோட்டுக்குள் வருமானமும் இருந்தால் 1.60, 4.80 தான். மெடிகேர் தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே ஒரு மாத மருந்தை வாங்கி வைத்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

மெடிகேர் வந்த அன்றிலிருந்து உங்கள் வீட்டுப் போன் ஓயாது. "உங்கள் அம்மாவுக்கு மளிகை வாங்க மாதாமாதம் கார்டில் பணம், பல் வைத்தியம் இலவசம்" என்பார்கள். இவை பெரும்பாலும் டி-ஸ்னிப் என்ற வகை, டூயல்களுக்கென்றே தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள். இவற்றை மோசம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். மெடிகேரையும் மெடிகெய்டையும் ஒரே கம்பெனி சேர்த்துக் கவனிக்கும் திட்டமாக இருந்தால், ஒரே கார்டு, ஒரே போன் எண், பின்தொடர்ந்து கேட்க ஒரு நர்ஸ் என்று உண்மையிலேயே வசதி. ஆனால் பெயரளவுக்கு டி-ஸ்னிப் என்று சொல்லிக்கொண்டு மெடிகெய்டோடு அதிகத் தொடர்பில்லாத திட்டங்களும் அதே விளம்பரத்தோடுதான் வருகின்றன. என்னிடம் வந்த ஓர் அம்மா, சிறுநீரக மருத்துவரை ஏழு ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர், மளிகைக் கார்டுக்காகப் போனிலேயே "யெஸ்" சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பார்த்தால் அந்த மருத்துவர் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அது ஏற்கும் டாக்டர்கள் பட்டியலில், இல்லை. மாற்றிவிட்டோம், ஆனால் நடுவில் இரண்டு அப்பாயின்ட்மென்ட் போய்விட்டது. ஏஜென்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். அம்மாவின் இந்த இந்த டாக்டர்கள் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா? இந்த மருந்துகள் பட்டியலில் உண்டா? மெடிகெய்டையும் இதே கம்பெனிதான் பார்க்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் சாதாரண மெடிகேரோடு இருங்கள். நான் என் சொந்த மாமியாருக்கு அதைத்தான் செய்தேன்.

மெடிகெய்டு ஏன் கையில் இருக்கவேண்டும் என்பதற்கு மிகப் பெரிய காரணம் நீண்டகாலப் பராமரிப்பு. மெடிகேர் இருந்தால் நர்சிங் ஹோம் செலவு கவலையில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தபின் தேறுவதற்காகப் போனால் மட்டும், அதிகபட்சம் 100 நாள் சாதாரண மெடிகேர் பார்க்கும். முதல் 20 நாள் முழுதாக, அப்புறம் 2025 கணக்கில் நாளுக்கு 209.50 டாலர் நம் பங்கு. 'அப்சர்வேஷன்' (கண்காணிப்பு மட்டும்) என்று எழுதி வைத்திருந்த நாட்கள் அந்த மூன்றில் சேராது, படுக்கையில் படுத்திருந்தாலும்கூட. குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, நடக்கப் பிடித்துக்கொள்ள என்று ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தால் மெடிகேர் கொடுக்காது, மெடிகெய்டுதான். வீட்டிலேயே உதவியாளரை அனுப்பும் திட்டங்களும் மெடிகெய்டில்தான் இருக்கின்றன, பல மாநிலங்களில் காத்திருப்புப் பட்டியலோடு. பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவையும் சாதாரண மெடிகேரில் வராது, மெடிகெய்டில் எவ்வளவு என்பது மாநிலத்தைப் பொறுத்தது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். ஊரில் அம்மா பெயரில் வீடோ நிலமோ வங்கியில் வைப்புத்தொகையோ இருக்கிறதா? கையிருப்பைப் பார்க்கும் பிரிவுகளில் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பதும் கணக்கில் வரும். குடியிருக்கும் வீட்டுக்குத்தான் விலக்கு, பூட்டிக்கிடக்கும் ஊர் வீட்டுக்கு இல்லை. விண்ணப்பத்தில் விட்டுப்போயிருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பாகம் பிரிக்காத சொத்து, அண்ணன் தம்பிகள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாதது என்றால் அதைக் கையிருப்பாக எடுக்காமல் விடவும் விதியில் இடம் உண்டு. ஆனால் அதை ஒரு அலுவலர் ஏற்பார், இன்னொருவர் மாட்டார். இது உறுதியாகச் சொல்ல முடிகிற விஷயம் இல்லை, பத்திரங்களோடு முதியோர் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். அவசரப்பட்டு உங்கள் பெயருக்கு எழுதி வாங்கிவிடாதீர்கள். பின்னால் நர்சிங் ஹோமுக்கு மெடிகெய்டு கேட்கும்போது, பெரும்பாலான மாநிலங்கள் கடந்த 60 மாதத்தில் சும்மா கைமாறிய சொத்துகளைத் துருவிப் பார்க்கும். 55 வயதுக்கு மேல் மெடிகெய்டு கொடுத்த நீண்டகாலப் பராமரிப்புச் செலவை, அவர் காலத்துக்குப் பின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநிலம் கேட்கும் என்பதும் 1993 முதல் சட்டம். க்யூஎம்பி கட்டிய பிரீமியத்தையும் கோபேயையும் மட்டும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஊருக்குப் போய்வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிதான சில சூழல்கள் தவிர மெடிகேர் நாட்டுக்கு வெளியே செல்லாது. அதைவிட எனக்குப் பயம் தருவது தபால்பெட்டி. மெடிகெய்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கவர் அம்மா ஊரில் பேரன் கல்யாணத்தில் இருக்கும் மாதத்தில்தான் வரும். பதில் போகாவிட்டால் மெடிகெய்டு நிற்கும், அதோடு க்யூஎம்பி-யும் நின்று பிரீமியம் தலையில் விழலாம். அம்மா சார்பில் பேசவும் கடிதங்கள் வாங்கவும் உங்களை அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக மெடிகெய்டு அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள், ஒரு பக்கத் தாள்தான். நீண்ட நாள் வெளியே இருக்கப்போகிறார் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள், எத்தனை நாள்வரை மாநிலவாசியாக எடுத்துக்கொள்வார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அப்பா விஷயம் கொஞ்சம் வேறு. 65 வயதுக்குக் கீழே மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை இருக்கலாம், கையிருப்பைப் பார்ப்பதில்லை. 65 ஆனதும் அந்தக் கதவு மூடிவிடும். முதியோர் பிரிவுக்கு மாற்றிப் பார்ப்பார்கள், அங்கே பல மாநிலங்களில் வருமான வரம்பு குறைவு, கையிருப்பு வரம்பு தனி ஆளுக்கு 2,000, தம்பதிக்கு 3,000 டாலர்தான். கலிஃபோர்னியா 2024-இல் கையிருப்புப் பரிசோதனையை எடுத்துவிட்டு, 2026 ஜனவரி முதல் தனி ஆளுக்கு 1,30,000 டாலர் வரம்போடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அப்பாவின் கையிருப்பு அந்த 2,000, 3,000 டாலர் வரம்பைத் தாண்டி, அதே சமயம் க்யூஎம்பி வரம்புக்குள் இருந்தால், முழு மெடிகெய்டு போய் க்யூஎம்பி மட்டும் மிஞ்சலாம். அதுவும் சின்ன விஷயம் இல்லை, பிரீமியமும் கோபேயும் கட்ட வேண்டியதில்லையே. அவருக்கு 65 ஆகும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே சேர்க்கைக் காலம் தொடங்கிவிடும். அந்த முதல் மாதத்திலேயே நிபந்தனை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால் ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பெற்றோர் இன்னும் கிரீன் கார்டில் இருந்தால் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெடிகேரை விலை கொடுத்து வாங்கவே ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் முழு மெடிகெய்டுக்கும், 1996-இன் சட்டப்படி, பெரும்பாலானோர் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்தாலும், ஸ்பான்சர் செய்தபோது அவர்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஐ-864 பத்திரத்தால் உங்கள் வருமானத்தையும் அவர்களுடையதாகச் சேர்த்துப் பார்க்கலாம். குடியுரிமை வந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். இந்த இடத்தில் மாநிலங்களின் நடைமுறை ஒரே மாதிரி இல்லை, குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

உங்களுக்கு வருகிறேன். இந்த வாரம் அம்மாவின் குடியுரிமைச் சான்றிதழ், மெடிகெய்டு கார்டு, அந்தக் கடிதம், கைநூல் எண் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். உங்கள் மாநிலத்தின் ஷிப் அலுவலகத்தைக் கூப்பிட்டு, "நம் மாநிலத்தில் பார்ட் ஏ பை-இன் உண்டா?" என்ற கேள்வியை மட்டும் முதலில் கேளுங்கள். உண்டு என்றால் பார்ட் பி விண்ணப்பத்தையும் க்யூஎம்பி விண்ணப்பத்தையும் பற்றி மெடிகெய்டு அலுவலகத்தில் பேசுங்கள், இல்லை என்றால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ். எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால், போகும் முன் என்ன என்ன கேட்க வேண்டும் என்று அதற்கேற்றபடி சொல்கிறேன்.